மூடிக்கு ஒரு பெட்டி

முதலில் மூடியைக் கழற்றினார் அந்த மூதாட்டி. பிறகு நகத்தால் பாட்டிலின் லேபிளை உரித்தார். மூன்றும் மூன்று பெட்டிகளுக்குப் போயின.

அவசரமே இல்லை. பூத்தொடுக்கும் விரல்கள் போல இருந்தன.

ஜப்பானின் ஷிகோகு தீவில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது கமிகாட்சு. 1,500 பேர்கூட இல்லை. குப்பை வண்டி வருவதில்லை. அவரவரே கொண்டுவந்து நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். குப்பையே இல்லாத ஊராவோம் என்று 2003-இல் அறிவித்தவர்கள்.

இவ்வூர் முதியவர்கள்தான் 1986 முதல் மேப்பிள் இலைகளைப் பறித்து, உணவகத் தட்டுகளை அலங்கரிக்க விற்கிறார்கள். உதிர்ந்து மக்கவேண்டிய இலைக்கும் இங்கே விலை உண்டு!

எதையும் வீண் என்று ஒதுக்காத இந்தக் கண் எப்படி வாய்த்ததோ!

கிளம்பும்போது என் பையிலிருந்த காலி பாட்டிலை வாங்கி, லேபிளை எங்கே பிடித்து உரிப்பது என்று காட்டினார்.