ராயபுரத்தில் ஒரு நிமிஷம் இறங்கிப் பாருங்கள்

கடற்கரை ஸ்டேஷனுக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் நடுவில் மின்சார ரயில் நின்று கிளம்பும் ராயபுரத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் அதுதான். 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டருக்கு, ரயில் சேவை தொடங்கியது. சென்ட்ரல் வந்ததே 1873இல்! இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பம்பாய் போரிபந்தரிலும் தாணேயிலும் முதலில் கட்டிய நிலையக் கட்டடங்கள் இப்போது இல்லை. ராயபுரத்தின் இந்தத் தூண் வரிசைக் கட்டடம் நிற்கிறது. பாழடைந்து கிடந்ததை 2005இல் புதுப்பித்தார்கள். சரி, அப்புறம்? வெளியூர் ரயில்கள் புறப்படும் முனையமாக்க வேண்டும் என்று வடசென்னைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் அந்தப் பழைய கட்டடத்தின் மேல் கை வைக்காமல் செய்யுங்கள், சாமி!