தம்பியின் பைக்கும் குண்டுகரிச்சானின் பட்டாவும்

குண்டுகரிச்சானைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அதன் பாட்டைத்தான் பேசுவார்கள். விடியற்காலையில் விசிலடிக்கும், நடுநடுவே மற்றப் பறவைகளின் குரலையும் சேர்த்துப் பாடும், கேட்க எவ்வளவு இனிமை என்று. நல்லது, பாடட்டும். அதே ஆள் பாட்டை முடித்த கையோடு கீழே இறங்கி வந்து என் தம்பியின் புது மோட்டார் சைக்கிளோடு மல்லுக்கு நிற்பதை இந்தப் பாட்டு ரசிகர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் இருப்பது பர்மாவில் மோல்மேன். ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதால் அங்கே இருக்கிற சொந்தக்காரர்களுக்கு இந்தத் தொல்லை புரியாது, இங்கே வீட்டுக்கு வீடு பைக், பைக்குக்கு இரண்டு சைடு கண்ணாடி. தம்பி காசு சேர்த்து வாங்கின வண்டி. காலையில் பல் விளக்குகிறானோ இல்லையோ, கண்ணாடியைத் துணி போட்டுத் துடைத்துவிடுவான். நிறுத்துவது வாசல் மாமரத்தடியில். அந்த மரத்துக்குப் பின்னால் மதில் சுவரில் செங்கல் பெயர்ந்த ஒரு பொந்து, அதற்குள் குண்டுகரிச்சான் ஜோடி கூடு கட்டியிருந்தது எங்களுக்கு அப்போது தெரியாது. கறுப்புத் தலை, வெள்ளை வயிறு, இறக்கையில் ஒரு வெள்ளைப் பட்டை, தூக்கி நிறுத்தின வால்; அதுதான் ஆண். பெண் கொஞ்சம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும், ஆனால் கோபத்தில் ஒன்றும் குறைச்சல் இல்லை, அது அப்புறம் தெரிந்தது.

சண்டை நடக்கிற முறையைச் சொல்ல வேண்டும். முதலில் கண்ணாடியின் மேல் விளிம்பில் வந்து உட்காரும். நெஞ்சை உப்பிக்கொண்டு வாலை விரிக்கும். மெதுவாகக் குனிந்து எட்டிப் பார்க்கும். உள்ளே அதே மாதிரி ஒருத்தன் நெஞ்சை உப்பிக்கொண்டு எட்டிப் பார்ப்பான். அவ்வளவுதான், படபடவென்று இறக்கையடித்து, டொக் டொக்கென்று கொத்தி, நகத்தால் பிறாண்டி, வழுக்கி ஹேண்டில்பாரில் விழுந்து, எழுந்து மறுபடியும். களைத்துப் போனால் ஒரு தந்திரம் செய்யும். சத்தமில்லாமல் கண்ணாடியின் பின்பக்கம் போய்ப் பார்க்கும். யாரும் இல்லை. ஓடிப் போய்விட்டான் என்ற மிதப்பில் முன்பக்கம் வந்தால், அங்கேயே நிற்கிறான்! இதையெல்லாம் வெறும் வயிற்றிலும் செய்யாது, அதனால் கண்ணாடி, பெட்ரோல் டேங்க், சீட் எல்லாவற்றிலும் வெள்ளைக் கோடுகள். தம்பி அதைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் இன்னும் பளபளப்பாகத் துடைத்தான். எதிராளி இன்னும் தெளிவாகத் தெரிந்தான்.

"விரட்டுடா அதை" என்று அம்மா சொன்னதற்கு அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை. அப்பத்தாவுக்கு நில விஷயம் என்றால் தனி உணர்ச்சி. 1964-ல் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டபோது அவருடைய அப்பாவின் மளிகைக்கடையும் போனது. சாவியைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை இன்றைக்கும் சொல்லுவார். அதனால் ஒரு ஜீவன் தன் இடத்துக்காக நின்று சண்டை போடுவது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "பட்டா இல்லாதவன் தினம் கத்தித்தான் இடத்தைக் காப்பாத்தணும். நீ வேணா வண்டியை வேற பக்கம் நிறுத்து" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் அப்பத்தா சொன்னதில் பாதி, ஆராய்ச்சிக்காரர்கள் காட்டுக்குள் போய்க் கண்டுபிடித்ததுதான். 1970-களில் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தம் காட்டில் ஜான் கிரெப்ஸ் என்பவர் நம் ஊர்ப் பட்டாணிக்குருவியின் சொந்தக்காரக் குருவி ஒன்றை வைத்து ஒரு வேலை செய்தார். ஆண் குருவிகளை அவற்றின் எல்லையிலிருந்து பிடித்து அகற்றிவிட்டு, சில இடங்களில் மட்டும் ஒலிபெருக்கியில் அவற்றின் பாட்டைப் போட்டார். வெளியிலிருந்து வந்த குருவிகள் சும்மா கிடந்த இடங்களைச் சீக்கிரம் பிடித்தன, பாட்டு ஒலித்த இடங்களுக்குள் நுழையத் தயங்கின. வேறொரு இடத்தில் வெறும் ஊதுகுழல் சத்தத்தைப் போட்டுப் பார்த்தார், அதை எந்தக் குருவியும் மதிக்கவில்லை. ஆக, நாம் காலையில் காப்பியோடு ரசிக்கிற பாட்டு வேலியும் அறிவிப்புப் பலகையும்தான். உள்ளே ஆள் இருக்கிறான், வராதே.

இன்னொன்றும் உண்டு. பல பாடும் பறவைகள் பக்கத்து எல்லைக்காரனின் குரலை அடையாளம் வைத்திருக்கும். தெரிந்த அண்டைவீட்டுக்காரன் தன் பக்கத்திலிருந்து பாடினால் பெரிதாக அலட்டிக்கொள்ளாது, புதுக் குரல் கேட்டால்தான் பாய்ந்து வரும். எங்கள் தெருமுனைக் கரிச்சானும் மாமரத்துக் கரிச்சானும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், ஆளுக்கொரு மின்கம்பத்தில் நின்று பாடிவிட்டுக் கலைந்துவிடும். எங்கள் வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் சாக்கடைத் தகராறு இருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் பறவைகள் எவ்வளவோ நாகரிகம்.

அப்படியிருக்க, கண்ணாடிக்காரனோடு மட்டும் ஏன் தீராத சண்டை? என் கணிப்பு இதுதான்: அவன் எந்த மரபுக்கும் கட்டுப்படாதவன். பாட மாட்டான், அதனால் யார் என்று தெரியாது. முறைத்தால் முறைப்பான், பாய்ந்தால் பாய்வான், விலக மட்டும் மாட்டான். சாதாரணமாக இரண்டு கரிச்சான் மோதினால் ஒன்று கொஞ்ச நேரத்தில் வாலைத் தாழ்த்திக்கொண்டு போய்விடும். கண்ணாடிக்காரன் போவதே இல்லை, ஏனென்றால் நம்மாள் போவதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வேறு ஏறியிருக்கும், எதிராளியைப் பார்க்கப் பார்க்க இன்னும் ஏறினாலும் ஏறலாம்.

இதை முட்டாள்தனம் என்று தம்பி சொன்னான். குண்டுகரிச்சானின் குடும்பத்திலேயே சேர்ந்த ஐரோப்பிய ராபினை வைத்து டேவிட் லாக் என்ற ஆங்கிலேயப் பறவை ஆராய்ச்சியாளர் செய்த சோதனையை அவனுக்குச் சொன்னேன். பஞ்சடைத்த ராபினை நிறுத்தினார், உயிருள்ள ராபின் அடித்தது. தலையில்லாத உடலை வைத்தார், அதையும் அடித்தது. கடைசியில் நெஞ்சுப் பக்கத்துச் சிவப்பு இறகுகளைக் கொத்தாகக் கட்டி வைத்தார், அதையும் மிரட்டியது. உச்சம் என்னவென்றால், பொம்மையை எடுத்துவிட்ட பிறகும் ஒரு ராபின் திரும்பி வந்து அது இருந்த வெற்றுக் காற்றைக் கொத்திவிட்டுப் போனது. இதைச் சொன்னதும் தம்பி அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அப்பா அப்போது நின்றுபோன தொலைக்காட்சியைப் பார்த்து அரசியல்வாதியைத் திட்டிக்கொண்டிருந்தார். மின்சாரம் போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

இதற்கிடையில் பக்கத்து வீட்டுப் பர்மாக்கார சயாமா, ஓய்வுபெற்ற ஆசிரியை, நல்ல மனசு, பறவைக்குத் துணை வேண்டும் என்று முடிவு செய்து கைப்பேசியில் ஒரு குண்டுகரிச்சான் பாட்டைத் தேடி எடுத்து ஜன்னலோரம் ஒலிக்க விட்டார். முன்பின் கேட்காத குரல். மாமரத்துக்காரன் பைக்கை விட்டுவிட்டு நேராக சயாமாவின் ஜன்னல் கம்பிக்குப் போய்விட்டான். அவர் முகத்தில் பாதி தனாக்கா, அதுதான் பர்மாக்காரர்கள் பூசுகிற மரப்பட்டைச் சாந்து, பூசின நிலையில் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குரல் ஒரு பக்கம், உருவம் இன்னொரு பக்கம், பறவைக்கு வெறி பிடிக்காமல் என்ன செய்யும்? மீதிப் பாதிக்குத் தனாக்கா அன்றைக்குப் பூசவே இல்லை. பெண் குருவியும் கூட்டிலிருந்து வந்து, போகிற போக்கில் கைப்பேசியை ஒரு கொத்து கொத்திவிட்டுத்தான் போனது.

சித்திரை ஒன்று வந்தது, கூடவே பர்மாக்காரர்களின் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவும். லாரி லாரியாகப் பையன்கள் வந்து தெருவையே நனைத்தார்கள். குழாய்த் தண்ணீர் பைக்கின் மேல் பீய்ச்சியபோதும் இவன் கண்ணாடியை விடவில்லை. ஒரு பீய்ச்சல் நேராக விழுந்ததும் கம்பியில் போய் உட்கார்ந்து உடம்பை உதறினான், வண்டி நகர்ந்ததும் திரும்பி வந்தான். எதிரியும் நனைந்திருந்தது அவனுக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் தம்பி இறங்கி வந்தான். விரட்டினால் பயனில்லை, பிம்பத்தை மறைத்தால் போதும், இனப்பெருக்கக் காலம் முடிந்தால் தானே அடங்கிவிடும் என்று நான் சொன்னதைக் கேட்டு, ஜோடி தொலைந்த பழைய சாக்ஸ்களை எடுத்து இரண்டு கண்ணாடிக்கும் மாட்டினான். வண்டி எடுக்கும்போது கழற்றுவான், நிறுத்தினதும் மாட்டுவான். பறவை வந்தது, சாக்ஸைப் பார்த்தது, பின்பக்கம் போய்ப் பார்த்தது, வெற்றி வெற்றி என்று மரத்தின் உச்சியில் போய்ப் பாடியது. இரண்டே வாரத்தில் தெருவில் பாதி பைக்குகளுக்குச் சாக்ஸ். பக்கத்து ஊரான முடாங்கிலிருந்து வந்த சித்தப்பா, இது என்ன புதுப் போக்குவரத்து விதியா என்று பயந்து கேட்டார்.

அப்பத்தாவுக்கு ஒரே பெருமை, குருவி ஜெயித்துவிட்டது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அந்தப் பெருமை, புளி போட்டுத் தேய்த்த எவர்சில்வர் குடத்தைக் கொல்லைத் திண்ணையில் வெயிலில் கவிழ்த்து வைத்த நாள் வரைக்கும்தான். குடத்தின் வயிற்றில் குண்டாக ஒரு கரிச்சான் தெரிந்திருக்கிறது, இதுவரை பார்த்ததிலேயே பெரிய ஆள். டங் டங்கென்று சத்தம் கேட்டு ஓடினோம். குடம் முழுக்க வெள்ளைக் கோடு.

"சனியனே! உன் எல்லை வாசலோட முடிஞ்சுது, கொல்லை என்னோடது!" என்று அப்பத்தா விளக்குமாற்றைத் தூக்கினார்.

தம்பி ஒன்றும் பேசாமல் மிச்சமிருந்த சாக்ஸை அவரிடம் நீட்டினான்.