நான்கு ஸ்பார்க் பிளக் வாங்குவதற்குள் நான் தெரிந்துகொண்டவை

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் லேசாக உதற ஆரம்பித்தது. ஓடும்போது தெரியாது, ஐடிலிங்கில்தான். 1.2 லிட்டர் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. லிட்டருக்கு 16 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 13க்கு இறங்கியது. அப்புறம் ஒரு நாள் இன்ஜின் லைட்டும் எரிந்தது.

மெக்கானிக் அண்ணன் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார். பி0303 என்ற பழுதுக் குறியீடு வந்தது. கடைசி எண் சிலிண்டரைச் சொல்லும், அதாவது மூன்றாவதில் மிஸ்ஸிங், பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. "காயில் போயிருக்கும் தம்பி" என்றார். பிளக்குக்குத் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் இந்தக் காயிலின் விலை கொஞ்சநஞ்சமில்லை. அதனால் இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். போட்டார். காயில் கெட்டிருந்தால் குறியீடு பி0302 ஆகியிருக்க வேண்டும். பி0303தான் திரும்ப வந்தது. பிளக்கைக் கழற்றுவோம் என்று முடிவானது.

நான்கையும் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே ஒரு துணியில் வைத்தோம். இதை எல்லோரும் செய்ய வேண்டும். முனை கருகிப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, எண்ணெய் ஈரம் இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது, வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு மிஞ்சுகிறது என்று எந்தச் சிலிண்டரின் நிலைமையையும் அதன் பிளக் சொல்லிவிடும். என்னுடையதில் மூன்று பிளக் நல்ல வெளிர் பழுப்பு. முனை தேய்ந்து, தீப்பொறி தாவும் இடைவெளியான கேப் மட்டும் 1.3 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. மூன்றாவது சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போல ஒரு விரிசல், அதன் வழியே கறுப்புக் கோடு. தீப்பொறி முனைக்குப் போகாமல் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது.

அதைவிட எனக்கு அதிர்ச்சி தந்தது வேறொன்று. மற்ற மூன்றில் பிகேஆர்6ஈ-11 என்று எழுதியிருந்தது, மூன்றாவது சிலிண்டரில் இருந்ததில் மட்டும் பிகேஆர்5ஈ. முன்பு யாரோ ஒன்றை மட்டும் கையில் கிடைத்ததை வைத்து மாற்றியிருக்கிறார்கள்.

அந்த எழுத்துகளை அன்றுதான் உட்கார்ந்து படித்தேன். இந்தப் பிளக்கைச் செய்த என்ஜிகே கம்பெனியின் முறையில் பி என்றால் 14 மில்லிமீட்டர் மரை, கே என்றால் 16 மில்லிமீட்டர் ஸ்பேனர் அளவு. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு, இது இல்லாவிட்டால் ரேடியோவும் எலெக்ட்ரானிக்ஸும் இரைச்சல் வாங்கும். ஈ என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். கடைசி 11 என்பது 1.1 மில்லிமீட்டர் கேப். நடுவில் இருக்கும் 6தான் ஹீட் ரேஞ்ச். பிளக்கின் முனை சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படியும் கரி எரிந்து போகும். 800 டிகிரியைத் தாண்டினால் தீப்பொறி வரும் முன்பே முனையே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே முனையை நிறுத்துவதுதான் அந்த எண்ணின் வேலை. வண்டியோடு வந்த கையேட்டிலும் இதே 6தான் இருந்தது.

சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் வேறு பிராண்டை எடுத்து நீட்டி, "இதுவும் ஆறாம் நம்பர்தான் சார்" என்றார்கள். இங்கே கவனமாக இருக்க வேண்டும். என்ஜிகேவில் எண் கூடக்கூட பிளக் கூல், அதாவது முனையின் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும்; பாஷில் எண் கூடக்கூட ஹாட், சூட்டை அதிகம் தேக்கிவைக்கும். டென்சோவிலோ என்ஜிகேவின் 6க்கு ஈடு 20. பிராண்டு மாற்றினால் எண்ணை ஒப்பிடக் கூடாது, அந்தக் கம்பெனி உங்கள் காருக்கென்று சொல்லும் பிளக்கைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்து இரிடியமா, சாதாரண நிக்கலா என்ற கேள்வி. "இரிடியம் போட்டா பிக்கப் ஏறும்" என்று நாலு பேர் சொன்னார்கள். இரிடியம் உருகுவது 2,400 டிகிரிக்கு மேல், நிக்கல் 1,455. அதனால் இரிடியத்தின் ஊசிமுனை தேயாமல் 80,000 கிலோமீட்டருக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். அதன் உண்மையான லாபம் இந்த ஆயுள்தான். நல்ல நிக்கல் பிளக் இருக்கும் இன்ஜினில் அது பவரைக் கூட்டிவிடாது. நான் வருடத்துக்கு 7,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். நிக்கலே நாலைந்து வருடம் வரும், விலையோ இரிடியத்தில் கால் பங்குகூட இல்லை. நிக்கலையே வாங்கினேன். கம்பெனியே இரிடியம் போட்டுக் கொடுத்த கார் என்றால் இரிடியமே போடுங்கள், அங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம்.

போலியும் சந்தையில் உண்டு. வாஷரைத் திருகிப் பார்த்தேன். அசல் பிளக்கில் அது மரையை விட்டுச் சுலபமாகக் கழன்று வராது.

மறுநாள் காலை, இன்ஜின் முழுக்க ஆறியிருந்தபோது மாட்டினோம். பிளக் மாட்டும் இன்ஜின் மேல்பகுதி அலுமினிய ஹெட், சூட்டில் திருகினால் மரை போய்விடும். முதலில் குழியில் இருந்த தூசியைக் காற்றடித்து எடுத்தார். ஒவ்வொரு பிளக்கிலும் கேப் அளந்தோம். ஒன்று 1.0 இருந்தது, சரிசெய்தார். கையாலேயே கடைசிவரை திருகிவிட்டு, அப்புறம் ஸ்பேனரில் அரைச் சுற்று, அதற்குமேல் கொஞ்சம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வழுக்கலில் இறுக்கம் அளவுக்கு மீறிவிடும்.

ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தோம். ஸ்டீயரிங்கில் உதறல் இல்லை. மூன்று டேங்க் பெட்ரோல் போட்டுக் கணக்குப் பார்த்ததில் மைலேஜ் 16க்குத் திரும்பியிருந்தது. பிளக் நம்பரையும் அன்றைய கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்து யார் கழற்றினாலும் நான்கையும் ஒரே நம்பரில் மாற்றட்டும் என்று.