விப்பெட் வாங்கும் முன்: தும்பியோடு ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 6

அக்கா மகள் இரவு போன் செய்தாள். விப்பெட் என்கிற ஒல்லியான வேட்டை நாயின் குட்டி ஒன்று வாங்கப் போகிறாளாம். என் தும்பியும் விப்பெட்தான். "சித்தி, தும்பியைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது. நான் என்னென்ன தெரிஞ்சு வச்சுக்கணும்?" என்றாள். போனில் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? தும்பியோடு நாள் போகிற போக்கில் தோன்றுவதை இங்கே எழுதிக்கொண்டு வருகிறேன். அவளைப் போல யோசிக்கிற வேறு யாருக்கும் உதவட்டும்.

இன்றைக்கு ஒன்று மட்டும். விப்பெட் என்றாலே எல்லோருக்கும் ஓட்டம்தான் ஞாபகம் வருகிறது. மணிக்கு 56 கிலோமீட்டர் வரை ஓடும், உண்மைதான். ஆனால் அந்த ஓட்டம் ஒரு நாளில் சில நிமிஷம். மீதிப் பொழுதெல்லாம் அது உங்கள் பக்கத்திலேயே, முடிந்தால் உங்கள் மேலேயே சாய்ந்து கிடக்கும். அந்த மீதிப் பொழுதைக் கொடுக்க உங்களிடம் நேரம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

ஜனவரி 8

காலை வாக்கிங்கில் ஒரு பெரியவர் நிறுத்திக் கேட்டார்: "ஏம்மா, இதுக்குச் சாப்பாடே போடறதில்லையா?" அக்கறையோடு கேட்டவரிடம் கோபம் எதற்கு? தும்பியின் பக்கவாட்டைக் காட்டி விளக்கினேன். ஆரோக்கியமான விப்பெட்டுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரியும். வயிறு உள்வாங்கி இடுப்பு ஒடுங்கியிருக்கும். தொடையில் மட்டும் தசை திரண்டு நிற்கும். முதுகெலும்பு முழுக்கக் கூர்கூராகத் துருத்திக்கொண்டு நின்றால்தான் மெலிவு. விலா எலும்பைத் தடவியும் பிடிபடவில்லை என்றால் எடை கூடிவிட்டது, அந்தச் சுமையெல்லாம் மெல்லிய கால்களில் இறங்கும்.

நாய் இனங்களுக்குத் தர அளவு வகுக்கிற பிரிட்டனின் கென்னல் கிளப் வைத்திருக்கிற அளவு: ஆண் 47 முதல் 51 சென்டிமீட்டர் உயரம், பெண் 44 முதல் 47. எடை பெரும்பாலும் 11 கிலோவுக்கும் 18 கிலோவுக்கும் நடுவில் இருக்கும். ஊரார் பேச்சைக் கேட்டு ஒரு கரண்டி அதிகமாகப் போடாதே, கண்ணு.

ஜனவரி 13

விடியற்காலையிலிருந்து மழை. கதவைத் திறந்தேன். தும்பி வாசற்படியில் நின்று ஒரு முன்னங்காலைத் தூக்கி, ஈரத்தை முகர்ந்துவிட்டு, திரும்பி உள்ளே போய்விட்டாள். ஒன்றுக்குப் போகாமல் மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு இருப்பாளே தவிர, நனைய மாட்டாள். அடம் என்று நினைக்கக் கூடாது. இந்த இனத்துக்கு ஒற்றை அடுக்கு முடிதான், அடியில் கம்பளி மாதிரியான உள்முடி கிடையாது. தோலுக்குக் கீழே கொழுப்பும் சொற்பம். மழைத்துளி நேராக உடம்பில் இறங்குகிறது. மேலே கூரை போட்ட ஒரு மூலை, தண்ணீர் புகாத கோட்டு, குளிர் நாளுக்கு ஸ்வெட்டர், இந்த மூன்றும் நாய் வருவதற்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும்.

படுக்கையும் அப்படித்தான். வெறும் தரையில் படுத்தால் முழங்கையில் முடி உதிர்ந்து காய்ப்பு ஏறிவிடும். தடிமனான மெத்தை போடு, மேலே ஒரு போர்வையும் வை. தும்பி மூக்கால் போர்வை விளிம்பை நெம்பிப் பார்ப்பாள். முடியாவிட்டால் பக்கத்தில் வந்து நின்று என்னையே பார்ப்பாள். நான் தூக்கிப் பிடித்தால் உள்ளே புகுந்து, சுற்றிச் சுற்றி வந்து, தொப்பென்று விழுவாள். ராத்திரி ரெண்டு மணிக்கும் இது நடக்கும். நாய் சோபாவில் ஏறக்கூடாது, கட்டிலில் ஏறக்கூடாது என்று கறாராக இருக்கிற வீட்டுக்கு விப்பெட் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஜனவரி 21

இன்று எழுதப்போவதுதான் எனக்கு மிக முக்கியம்.

மாலையில் தெருமுனையில் ஒரு பூனை. நான் பார்ப்பதற்கு முன்பே தும்பி பார்த்துவிட்டாள். அவள் பூனையைப் பார்க்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? முதலில் மடிந்து கிடந்த காதுகள் எழுந்தன. பிறகு நடை நின்றது. கழுத்து நீண்டது. உடம்பில் ஒரு மெல்லிய நடுக்கம். அந்த நடுக்கம் வந்துவிட்டால் என் குரல் அவளுக்குள் போகாது. அதற்கு முன்னால், காது எழும் அந்தக் கணத்திலேயே பெயர் சொல்லித் திருப்பிவிட வேண்டும். இன்று திருப்ப முடிந்தது.

மோப்பத்தை நம்பாமல் கண்ணை நம்பி வேட்டையாடுகிற வகை இது. அசைகிற எதுவும் இழுக்கும்: பூனை, அணில், முயல், காற்றில் பறக்கிற பிளாஸ்டிக் பை கூட. முழு வேகத்தில் ஒரு நொடிக்குப் பதினைந்து மீட்டர். நீ "வா" என்று வாயைத் திறந்து மூடுவதற்குள் சாலையின் அந்தப் பக்கம். எவ்வளவு நன்றாகப் பழக்கினாலும் வண்டி போகிற இடத்தில், வேலி இல்லாத இடத்தில் லீஷை அவிழ்க்காதே. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. 'எங்க நாய் சொன்னா கேட்கும்' என்று சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, தும்பியின் லீஷை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

காலர் விஷயம் தனி. விப்பெட்டின் தலை கழுத்தைவிடக் குறுகல். சாதாரணக் காலரைப் போட்டால், மிரண்டு பின்வாங்கும்போது தலையை உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். அகலமான, இழுக்கும்போது அளவோடு இறுகுகிற மார்டிங்கேல் காலர் வேண்டும், அல்லது வயிற்றுப் பக்கமும் ஒரு பட்டை வருகிற, உடம்பைச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸ். இழுக்க இழுக்க நீள்கிற லீஷ் வேண்டவே வேண்டாம். நாலைந்து மீட்டர் கிடைத்தாலே இது வேகம் எடுத்துவிடும். கயிறு தீர்கிற இடத்தில் அந்த வேகம் மொத்தமும் கழுத்தில் விழும். கைப்பிடி நழுவிவிட்டாலோ, பின்னாலேயே தடதடவென்று வருகிற பிளாஸ்டிக்கைப் பார்த்து மிரண்டு இன்னும் ஓடும்.

வீட்டில் கூடவே வளர்ந்த பூனையோடு சேர்ந்து தூங்குகிற விப்பெட்டுகள் உண்டு. அதே நாய்க்கு வெளியே ஓடுகிற பூனை இரைதான். முயல், கினிப்பன்றி மாதிரி வளர்க்கிற வீட்டில் நான் இதைச் சேர்க்க மாட்டேன்.

ஜனவரி 22

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்போ அது ஓடவே கூடாதா சித்தி?" என்று கேட்டிருந்தாள். ஓட வேண்டும், கண்டிப்பாக ஓட வேண்டும். நன்றாக வேலி அடைத்த மைதானத்தில். வேலி ஆள் உயரமாவது இருக்கட்டும், நின்ற இடத்திலிருந்தே தாவக்கூடியது இது. வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேர நடையும், வாரத்தில் சில முறை இப்படி அவிழ்த்துவிட்ட ஓட்டமும் போதும். வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிடு.

தும்பி ஓடும்போது தரை மட்டத்துக்குக் குனிந்து பார். ஒவ்வொரு பாய்ச்சலிலும் நாலு காலும் இரண்டு தடவை தரையை விட்டு எழும். உடம்பு முழுக்க நீண்டிருக்கும்போது ஒரு தடவை, கால்களெல்லாம் வயிற்றுக்கு அடியில் கூடும்போது இன்னொரு தடவை. இங்கிலாந்தின் வடக்கே 19-ஆம் நூற்றாண்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வளர்த்தெடுத்த நாய் இது. குதிரை வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களுக்குப் பந்தயக் குதிரையாக இருந்தது. முடிவுக் கோட்டில் எஜமான் ஒரு துணியை ஆட்டிக் கூப்பிடுவார், இந்தப் பக்கம் நாயைப் பிடித்திருப்பவர் அதை அப்படியே முன்னால் வீசிவிடுவார். துணியைக் கவ்வ அது பறக்கும். வீட்டின் கதகதப்பில் குடும்பத்தோடு ஒண்டிப் படுத்ததும் அதே நாய்தான். வேகமும் ஒட்டுதலும் ஒன்றாகவே வந்தவை.

பிப்ரவரி 3

தும்பிக்குத் தையல் போட்டு வீடு திரும்பியிருக்கிறோம்.

வேலி போட்ட மைதானம்தான். புதருக்குள் பழைய முள் ஒன்று. கத்தக்கூட இல்லை, ஓடி வந்து என் முன்னால் நின்றாள். தொடையில் முக்கோணமாகத் தோல் கிழிந்து மடிந்து தொங்கியது. ரத்தம் அதிகமில்லை. உள்ளே தசை பளபளவென்று தெரிந்தது. வேறு நாய்க்கு ஒரு கீறலோடு போகிற முள் இந்த நாய்க்குத் தோலையே உரித்துவிடும். அவ்வளவு மெல்லிசு. உப்புக் கரைசல், ஒட்டாத பேண்டேஜ் துணி, சுற்றுக் கட்டு இவை எப்போதும் என் பையில் இருக்கும், அதனால் அங்கேயே கழுவி மூடிக்கொண்டு போக முடிந்தது.

டாக்டர் வேறு ஊருக்குப் போயிருந்தார், அவருக்குப் பதிலாக ஒரு இளம் டாக்டர். முதல் வார்த்தையாக, "இது விப்பெட்ங்க டாக்டர், மயக்க மருந்து அதுக்குத் தகுந்த மாதிரி பார்த்துக் கொடுங்க" என்றேன். "தெரியும்மா, நல்லது ஞாபகப்படுத்தினீங்க" என்றார். இதை ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். தயோபென்டால் மாதிரியான பழைய பார்பிச்சுரேட் மயக்க மருந்துகளை விப்பெட் மாதிரியான கிரேஹவுண்ட் வகை நாய்களின் உடம்பு மெதுவாகத்தான் வெளியேற்றும், கொழுப்பும் குறைவு, மயக்கம் தெளிய வெகுநேரம் ஆகும். இப்போது பாதுகாப்பான வேறு மருந்துகள் இருக்கின்றன. மயக்கத்திலிருக்கும்போது உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும் என்பதையும் கவனிக்கச் சொல்ல வேண்டும். போர்வையைக் கையோடு கொண்டு போயிருந்தேன்.

ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். சிவப்பணு அளவு மற்ற நாய்களைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும், அது நோயில்லை, இந்த வகையின் இயல்பு. ஓட்டக்காரனின் இதயம் என்பதால் துடிப்பு நிதானமாகவும், சில சமயம் லேசான முணுமுணுப்போடும் கேட்கும். முணுமுணுப்பு எல்லாமே இயல்பு என்று நீயாக முடிவு கட்டாதே, வால்வு நோயும் இந்த இனத்தில் உண்டு. ஆரோக்கியமாக இருக்கும்போதே ஒரு தடவை ரத்தமும் இதயமும் பார்த்து அந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்து. பிறகு ஒப்பிட அதுதான் உதவும்.

பிப்ரவரி 5

காயம் சுத்தமாக இருக்கிறது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு. என் மடியில் தலை வைக்க முடியாமல் கூம்பின் விளிம்பை வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 11

அக்கா மகளிடம் இன்று வெளிப்படையாகவே பேசினேன். காலை எட்டுக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்கு வருகிறாள். வீட்டில் வேறு யாருமில்லை. "இந்த நிலைமையில் குட்டி வேண்டாம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "மத்தவங்க வளர்க்கலையா சித்தி?" என்றாள்.

வளர்க்கிறார்கள். அந்த வீடுகளின் கதவுகளையும் பார்த்திருக்கிறேன், உள்பக்கம் முழுக்க நகக் கீறல். விப்பெட் குரைப்பது குறைவு, அதனால் அதன் தவிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. எச்சில் வடிய நடந்துகொண்டே இருக்கும், சாப்பிடாது. தனிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம், சில நிமிஷம், பிறகு அரை மணி, பிறகு சில மணி நேரம். பதினொரு மணி நேரத்துக்குப் பழக்க முடியாது. நடுவில் ஒரு ஆள் வந்து போக வேண்டும், அல்லது வேலையில் ஏதாவது மாற்றம் வேண்டும். காவலுக்கும் இதை நம்பாதே, வருகிறவரிடம் பெரும்பாலும் வாலை ஆட்டிக்கொண்டுதான் போகும்.

அதட்டலும் ஆகாது. குரலை உயர்த்தினால் வாலைக் காலிடுக்கில் விட்டுக்கொண்டு ஒடுங்கிவிடும், அதற்குப் பிறகு எதையும் கற்றுக்கொள்ளாது. தின்பண்டமும் பொறுமையும் போதும். இதற்குப் புத்தி இல்லை, பழக்க முடியாது என்று சொல்கிறவர்கள் ஆஷ்லி என்கிற விப்பெட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும்: 1974-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், டாட்ஜர் ஸ்டேடியத்தில் பேஸ்பால் ஆட்டம் நடக்கும்போதே அலெக்ஸ் ஸ்டைன் தன் விப்பெட்டோடு மைதானத்தில் இறங்கி ஃபிரிஸ்பீ என்கிற பறக்கும் தட்டை வீசினார். அது தாவிப் பிடித்ததைப் பார்த்துத்தான் நாய்களுக்கான ஃபிரிஸ்பீ விளையாட்டே பிரபலமானது.

பிப்ரவரி 17

வேலை இடத்தில் பேசி, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கிவிட்டாள்! மீதி நாட்களில் அக்கா மதியம் போய்ப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். இனி வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

வளர்ப்பவரிடம் போனால் தாய் நாயைப் பார்க்காமல் திரும்பாதே. தாயின் சுபாவம்தான் குட்டியின் சுபாவத்துக்கு நல்ல சாட்சி. தாய், தகப்பன் இரண்டுக்கும் இதயப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் செய்த காகிதத்தைக் கேள். தயங்குகிறவரிடம் வாங்காதே. 'அபூர்வ நிறம்' என்று சொல்லி விலையை ஏற்றுகிறவரிடமும் வாங்காதே, விப்பெட்டின் தரத்துக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை.

பந்தய வம்சமென்றால், தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிற மயோஸ்டாட்டின் மரபணுவைப் பற்றியும் கேட்கலாம். 2007-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அந்த மரபணுவில் ஒரு பிறழ்வு இருக்கிறது. தாய், தகப்பன் இரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் நாய்க்குத் தசை கூடுதல், வேகமும் கூடுதல். இரண்டு பக்கமிருந்தும் வந்தால் தசை இரண்டு மடங்காகத் திரண்டு 'புல்லி விப்பெட்' ஆகிவிடும். வேகத்துக்காகத் தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்க அந்தப் பிறழ்வும் கூடவே பரவியிருக்கிறது.

பிப்ரவரி 26

தும்பியின் தையல் பிரித்தாயிற்று. முடி மெல்ல முளைக்கிறது.

குட்டியா, வளர்ந்ததா என்று இன்னும் குழப்பத்தில் இருக்கிறாள். குட்டி என்றால் முதல் வருஷம் முழுக்கக் கால் எலும்பைப் பற்றிய கவலை உண்டு. நீளமான, மெல்லிய, வளர்ந்துகொண்டிருக்கிற எலும்பு, அதோடு தன் வேகத்தை இன்னும் அளக்கத் தெரியாத வயசு. சோபாவிலிருந்து குதிப்பதைத் தடுக்க வேண்டும், வழுக்குகிற தரையில் விரிப்புப் போட வேண்டும், பெரிய நாய்களோடு முட்டி மோதி ஓடவிடக் கூடாது. கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்கிற பருவம் வேறு. வளர்ந்த நாய் என்றால் சுபாவம் முன்பே தெரிந்துவிடும், ராத்திரியில் எழுந்து எழுந்து வெளியே கூட்டிப் போக வேண்டாம். இதன் ஆயுள் பொதுவாக 12 முதல் 15 வருஷம், நாலு வயசில் வந்தாலும் நீண்ட காலம் கூட இருக்கும். அவள் நிலைமைக்கு வளர்ந்ததுதான் சரி என்பது என் எண்ணம். முடிவு அவளுடையது.

மார்ச் 4

முடிவு செய்துவிட்டாள். நாலு வயசுப் பெண் நாய், குட்டி போட்டு ஓய்வு பெற்றது, சாம்பலும் வெள்ளையும். வளர்த்தவர் இதயப் பரிசோதனைக் காகிதத்தை நாங்கள் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிட்டார். அது படுக்கிற மெத்தையின் உறையையும் வாசனைக்காகக் கூடவே கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

வெள்ளிக்கிழமை அவளோடு நானும் போகிறேன். வண்டியில் சீட் பெல்ட்டோடு கட்டுகிற ஹார்னஸ் வாங்கியாயிற்று. கழுத்து அளவை இன்னொரு தடவை அளந்து அனுப்பச் சொல்லி வளர்த்தவருக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன். அளவு வந்ததும் மார்டிங்கேல் காலர் ஆர்டர் செய்ய வேண்டும்.