திருவக்கரை கல்மரங்களில் கூம்பு ஏன் இல்லை?

பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து திருவக்கரை போகிறவர்கள், பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவையும் எட்டிப் பாருங்கள். கடலூர் மணற்கல் என்ற பாறை அடுக்கில் கல்லாகிக் கிடக்கும் அந்த மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். பெரும்பாலானவை பூக்கும் மரங்கள். ஊசியிலை இனமும் உண்டு, மெசெம்பிரியாக்சைலான் என்று பெயர்.

ஆனால் எல்லாம் வெறும் அடிமரம்தான். பட்டை, கிளை, இலை எதுவும் இல்லை. எங்கிருந்தோ ஆற்றில் அடித்து வரப்பட்டவை என்கிறார்கள். அப்புறம் ஊசியிலை மரத்தின் விதைகளைத் தாங்கும் கூம்பு எப்படி மிஞ்சும்?

எனக்கு அதில்தான் வருத்தம். ஏனென்றால் ஊசியிலை மரங்களின் கதையே கூம்பில்தான் இருக்கிறது. பைன் கூம்பின் ஒவ்வொரு செதிலும் ஒரு காலத்தில் குட்டிக் கிளை! சுமார் 30 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்களில், கூம்பின் ஒவ்வொரு சிற்றிலையின் கக்கத்திலும் (இலை தண்டோடு சேரும் இடம்) விதை தாங்கிய சின்னக் கிளை இருந்ததை சுவீடன் தாவரவியலாளர் ருடால்ஃப் ஃப்ளோரின் காட்டினார். அது மெல்ல மெல்லக் குறுகி, தட்டையாகி, ஒட்டிப்போய்ச் செதிலானது. அர்ஜென்டினாவில் ஜுராசிக் காலத்துக் கூம்புகள் கல்லாகியே கிடைக்கின்றன, உள்ளே விதைக்கருவோடு.

சரி, நம்மூர் சவுக்குத் தோப்பில் கிடப்பது? பார்க்கக் கூம்பு மாதிரிதான் இருக்கும். ஆனால் சவுக்கு பூக்கும் தாவரம், அது காய்.