கிக்கரை மிதிக்காத ஐந்து மாதங்கள்

கொட்டகைக் கதவைத் திறந்து தார்ப்பாயை இழுத்ததும் எனக்கு வந்த முதல் ஆசை, கிக்கரை ஓங்கி ஒரு மிதி மிதித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். அப்பாவின் ஜாவா 250. 27 வருடமாக அசையாமல் நின்ற வண்டி. கால் வைத்தே விட்டேன்.

"மிதிக்காதடா! உள்ள என்ன ஆயிருக்குன்னு தெரியாம மிதிக்காத" என்று பின்னாலிருந்து அதட்டினார் அப்பா.

அந்த அதட்டல்தான் என்ஜினைக் காப்பாற்றியது. அதன் பிறகு ஐந்து மாதம் அந்தக் கிக்கரை நான் தொடவில்லை. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைத் தூசி தட்டி எழுப்ப நினைப்பவர்கள், மற்ற எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஜாவாவைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. இதில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றுதான். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், கீழே இறக்கினால் கியர். பெயரைக் கேட்டு ஜாவாத் தீவோடு முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. 1929இல் செக்கோஸ்லோவாகியாவில் யானெச்செக் என்பவர் வாண்டரர் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் உரிமத்தை வாங்கி, இரண்டு பெயர்களின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளையும் (Ja, Wa) சேர்த்து வைத்த பெயர் அது. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை இதே வண்டியைச் செய்தது. 1996இல் அது மூடப்பட்டது. ஆனால் செக் நாட்டில் இந்தப் பழைய மாடல்களுக்கு இன்றும் புதிதாகப் பாகங்கள் செய்கிறார்கள். அதை நம்பித்தான் வேலையில் இறங்கினேன்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டு வேலை செய்தேன். ஒவ்வொரு வயரும் கேபிளும் எந்த வழியாகப் போகிறது என்று படம் எடுத்துக்கொண்டேன். என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தேன். பட்டறையில் மணல் அடித்துப் பெயின்ட் பூசும்போது அந்த எழுத்துகள் மழுங்கிப் போனால், வண்டி யாருடையது என்று நிரூபிக்கவே அல்லாட வேண்டியிருக்கும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டன் அடியில் நின்றது. சிலிண்டர் சுவர் முழுக்கச் செம்மண் நிறம். காரணம் எளிது. டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட் என்னும் துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. பிஸ்டன் கீழே நின்றுவிட்டால் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட் திறந்தே கிடக்கும். இரண்டு சைலன்சர் வழியாகவும் ஈரக் காற்று நேரே சிலிண்டருக்குள் வந்து போயிருக்கிறது, 27 மழைக்காலம். "நான் பிஸ்டனை ஏத்தி நிறுத்தியிருக்கணும். சைலன்சர்ல துணியாவது அடைச்சிருக்கணும்" என்றார் அப்பா. அன்றைக்கு முழுவதும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அசிட்டோனையும் ஏடிஎஃப் ஆயிலையும் (ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கான ஆயில்) சரிபாதி கலந்து பிளக் ஓட்டை வழியாக ஊற்றினேன். அசிட்டோன் சீக்கிரம் ஆவியாகிவிடும், தீப்பிடிக்கவும் செய்யும். அதனால் காற்றோட்டமான இடத்தில் வைத்து, இரண்டு நாளுக்கொரு முறை மறுபடி ஊற்றிக்கொண்டே இருந்தேன். இடது கவரைக் கழற்றி கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) நட்டில் சாக்கெட் மாட்டி, தினமும் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்ப்பேன். சுத்தியல் எடுக்கவில்லை. பதினோராம் நாள் நூலளவு அசைந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். முதல் நாளே மிதித்திருந்தால் துருவில் ஒட்டியிருந்த பிஸ்டன் ரிங் உடைந்து போர்ட்டில் சிக்கியிருக்கலாம், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம்.

சிலிண்டரைக் கழற்றிப் பார்த்ததில் போர்ட் மட்டத்தில் துரு குழி குழியாக அரித்திருந்தது. 65 மில்லிமீட்டர் போரை, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தை, 0.5 மில்லிமீட்டர் கூட்டி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. லேத் பட்டறையிலிருந்து கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்தது சிலிண்டர். ஆனால் விரலை விட்டுத் தடவினால் போர்ட்டின் விளிம்பு கத்தி போல அறுத்தது. இப்படி உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்கிய பிறகு அந்த விளிம்புகளை லேசாகச் சரித்து மழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிங் அதில் இடித்து இடித்து உடையும். பட்டறையில் அதை விட்டுவிட்டார்கள். திருப்பி எடுத்துப்போய், பக்கத்திலேயே நின்று செய்து வாங்கினேன். சிலிண்டரை வாங்கும்போது விரலை விட்டுப் பார்க்காமல் வராதீர்கள்.

இனி ஆயில் சீல். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். என்ஜின் சுற்றுகிறது, ஸ்பார்க் வருகிறது, பெட்ரோல் ஊற்றினால் ஓடும் என்று நினைப்பார்கள். ஓடவும் செய்யும், கொஞ்ச தூரம். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் வெறும் பெட்டி அல்ல, அது ஒரு பம்ப். காற்றும் பெட்ரோலும் அதற்குள் வந்துதான் மேலே போகின்றன. கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் சீல் பத்து இருபது வருடத்தில் எலும்பு மாதிரி இறுகிவிடும். டைனமோ பக்கச் சீல் விட்டால் வெறும் காற்றை இழுக்கும். பெட்ரோலும் அதோடு கலந்திருக்கும் ஆயிலும் போதாமல் என்ஜின் கொதித்து பிஸ்டன் பிடித்துவிடும், ஓட்டைகூட விழும். கிளட்ச் பக்கச் சீல் விட்டால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாகத் தள்ளும். என் கையில் வந்த சீலை நகத்தால் அழுத்தினேன், துண்டாக உடைந்தது. என்ஜினை இரண்டாகப் பிளந்து சீல், பேரிங் எல்லாம் மாற்றினேன். ராடு கிராங்கோடு சேரும் பிக் எண்டிலும் துரு இருந்தது. கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து, புது ராடு போட்டு, கோணாமல் நேராகச் சுற்றுகிறதா என்று டயல் கேஜில் பார்த்துச் சேர்த்தார்கள். பணம் குறைவாக இருந்தால் குரோமை விடுங்கள், பெயின்ட்டை விடுங்கள், சீலை மட்டும் விடாதீர்கள்.

டேங்க்கில் பெட்ரோல் ஊறிப் பிசினாகி, வார்னிஷ் வாடை அடித்தது. அடியில் துரு. ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்றார்கள். வெளியே அப்பா காலத்து மெரூன் பெயின்ட்டும் தங்கக் கோடும் அப்படியே இருந்தன, ஒரு சொட்டு வழிந்தாலும் போய்விடும். எனக்கு மனம் வரவில்லை. துருவை மின்சாரத்தால் எடுக்க, வாஷிங் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, டேங்க்கைத் தொடாதபடி ஓர் இரும்புக் கம்பியை உள்ளே தொங்கவிட்டேன். பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் கம்பிக்கு, நெகட்டிவ் டேங்க்குக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்க்கே கரையத் தொடங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கூடவே கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்தவெளியில்தான் வைத்தேன். மூன்றாம் நாள் கம்பி அரித்திருந்தது, டேங்க் உள்ளே சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. அலசிக் காயவைத்து, உடனே உள்ளே டூ-டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஆயில்) சுழற்றிப் பூசினேன். வெளியே மெழுகு போட்டுத் துடைத்ததோடு சரி. புதுப் பெயின்ட் அடித்தால்தான் அழகு என்று பலர் சொன்னார்கள். அப்பாவின் முழங்கால் உரசி மங்கிய இடத்தை மறைத்துவிட்டு எனக்கு என்ன அழகு?

கார்புரேட்டர், கேபிள், டியூப், டயர் எல்லாம் எல்லோரும் செய்வதுதான். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை ஸ்டீல் கம்பியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். பழைய பிரேக் ஷூவில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

எலக்ட்ரிக்கலில் ஒரு வாரம் மண்டை காய்ந்தது. 6 வோல்ட் டைனமோ. வயரிங் புதிது, பிரஷ் புதிது, ஆனாலும் சார்ஜ் ஏறவில்லை. பிறகுதான் புரிந்தது. இந்த டைனமோவின் இரும்பில் மிச்சம் இருக்கும் சிறு காந்த சக்திதான் மின்சாரம் உண்டாக விதை. பல வருடம் சும்மா கிடந்தால் அது மங்கிப் போகும். டைனமோவில் காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு சுருளுக்குப் பேட்டரியிலிருந்து சரியான முனை பார்த்து ஒரு கணம் மின்சாரம் கொடுத்ததும் பிடித்துக்கொண்டது.

ஸ்பார்க் வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயின்ட்டின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர். 5 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி ஆயில். எல்லாம் சரிபார்த்த பிறகு அப்பாவைப் பார்த்தேன். தலையசைத்தார். ஐந்தாவது மிதியில் எழுந்தது. சைலன்சரில் தேங்கியிருந்த பழைய ஆயிலெல்லாம் புகையாக வந்து கொட்டகையே மறைந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"ஐட்லிங் தானா ஏறுது பாரு. எங்கயோ காத்து இழுக்குது. நிறுத்து."

சீல் எல்லாம் புதிது என்றேன். அவர் கேட்கவில்லை. மறுபடி ஓடவிட்டு, கார்புரேட்டர் சிலிண்டரோடு சேரும் இடத்தில் விரலால் கிரீஸைத் தடவினார். ஏறிக்கொண்டிருந்த வேகம் உடனே இறங்கியது. கேஸ்கெட்டை நான் கோணலாக வைத்திருந்தேன். ஐந்து மாத வேலை, அந்த ஒரு தாள் துண்டால் வீணாகியிருக்கும்.

இப்போது 600 கிலோமீட்டர் ஆகிறது. முதல் 500 வரை 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. பிளக் காப்பித்தூள் நிறத்தில் இருக்கிறது, பெட்ரோல் சரியாக எரிகிறது என்று அர்த்தம். ஓட்டுவது நான்தான், அப்பா பின்னால் உட்காருவார். திரும்பி வந்ததும் என்னை இறங்கி நிற்கச் சொல்வார். என்ஜினை அணைத்துவிட்டு, கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்துவார். கை கனக்கும் இடத்தில், போர்ட் மூடிவிட்டது என்று தெரிந்ததும், நிறுத்துவார். இரண்டு சைலன்சரிலும் துணியை அடைப்பார். அதற்குப் பிறகுதான் தார்ப்பாய்.