மாத்திரை அதேதான், அளவும் அதேதான்

அம்மாவுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும் தொந்தரவு உண்டு. அதற்காக மூன்று வருடமாக தினம் ஒரு டிஜாக்சின், 0.125 மில்லிகிராம். ஒரு சிக்கலும் வந்ததில்லை. போன வருடம் நெஞ்சில் சளி கட்டியபோது வேறொரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் எழுதிக் கொடுத்தார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாலாம் நாள் சாப்பாட்டைப் பார்த்தாலே அம்மாவுக்குக் குமட்டியது. ஆன்டிபயாட்டிக் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் ராத்திரி, "ஏண்டி, பல்பைச் சுத்தி மஞ்சளா வட்டம் தெரியுது?" என்றார். மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நாடியை எண்ணினேன். முழு நிமிடத்துக்கு 42. உடனே கிளம்பிவிட்டோம்.

அவசரப் பிரிவில் இசிஜி எடுத்துக்கொண்டே மருத்துவர் கேட்டார்: "புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சீங்களா?" இரண்டு அட்டைகளையும் நீட்டினேன். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. இரத்தத்தில் பொட்டாசியம், கிரியாட்டினினோடு டிஜாக்சின் அளவும் பார்க்கச் சொன்னார். கடைசி மாத்திரை போட்டு ஆறு மணி நேரமாவது ஆகியிருந்தால்தான் அந்த அளவை நம்ப முடியுமாம். அம்மா காலையில் போட்டிருந்ததால் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மில்லிலிட்டருக்கு 3.1 நானோகிராம் என்று வந்தது. 2-ஐத் தாண்டினாலே ஆபத்து என்றார்.

மாத்திரை கூடவில்லையே, மருந்து மட்டும் எப்படிக் கூடியது? அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். நம் செல்களின் சவ்வில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்று ஒரு புரதம் இருக்கிறது, ஒரு பம்பு மாதிரி. குடலில் உள்ளே வரும் டிஜாக்சினில் ஒரு பங்கைத் திரும்பக் குடலுக்கே தள்ளிவிடும். சிறுநீரகத்தில் இரத்தத்திலிருந்து சிறுநீருக்கு வெளியேற்றும். டிஜாக்சினைக் கல்லீரல் பெரிதாகச் சிதைப்பதில்லை, அதனால் இந்தப் பம்பை அது ரொம்பவே நம்பியிருக்கிறது. கிளாரித்ரோமைசின் அந்தப் பம்பை அடைத்துவிட்டது. உள்ளே வருவது கூடியது, வெளியே போவது குறைந்தது.

இரண்டு மாத்திரையையும் நிறுத்தினார்கள். சளிக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள். இதயத் துடிப்பை மானிட்டரில் பார்த்துக்கொண்டே ஐந்து நாள். வயதானவர்கள் உடம்பிலிருந்து டிஜாக்சின் மெதுவாகத்தான் இறங்கும். இரத்தத்தில் அளவு 1.0-க்கு வந்த பிறகு அதே பழைய 0.125 மாத்திரையையே மறுபடி ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பம்பு மனதைவிட்டுப் போகவில்லை, தேடிப் படித்தேன். 1976-இல் ஜூலியானோ, லிங் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்ததே மருந்துக்கு மசியாத செல்களில்தான். புற்றுநோய்ச் செல்கள் சில இந்தப் பம்பை ஏராளமாக உண்டாக்கிக்கொள்கின்றன. டாக்ஸோரூபிசின், பாக்லிடாக்செல் போன்ற புற்றுநோய் மருந்துகளை உள்ளே நுழைந்ததும் வெளியே தள்ளிவிடுகின்றன. ஒரு மருந்துக்குப் பழகிய செல், தான் பார்த்தே இராத இன்னொரு மருந்துக்கும் அசையாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். அப்படியானால் பம்பை அடைத்துவிடலாமே என்றுதான் எனக்கும் தோன்றியது. வெராபமில் தொடங்கிப் பல மருந்துகளை வைத்து முயன்றிருக்கிறார்கள், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. குடலிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இருக்கும் நல்ல பம்புகளும் சேர்ந்தே அடைபடுகின்றன, கீமோ மருந்து உடம்பில் தேங்குகிறது. அம்மாவுக்கு நடந்ததுதான் அங்கும் நடந்திருக்கிறது என்று படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அம்மாவின் மாத்திரை டப்பா மூடிக்குள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். டிஜாக்சினைக் கூட்டக்கூடியவை: கிளாரித்ரோமைசின், வெராபமில், அமியோடரோன். அதற்கு நேர்மாறாக, ரிஃபாம்பிசின் பம்புகளை அதிகமாக்கி டிஜாக்சினைக் குறைத்துவிடும், அதுவும் சீட்டில் இருக்கிறது. போன மாதம் இருமலுக்குப் போனபோது, மருத்துவர் பேனாவை எடுப்பதற்குள் அம்மாவே பையிலிருந்து டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்துவிட்டார்.